மூன்று மணிக்கு வெளுக்கும் கரும்பலகை

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படித்த குறைபார்வையுள்ள சிறுமி ஒருத்தி, மதியத்துக்கு மேல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறவள் மாலையில் ஏன் எழுதுவதில்லை என்பது ஆசிரியைக்குப் புரியவில்லை. சோம்பல் என்று ஒரு நாளும், தூக்கம் என்று இன்னொரு நாளும் நினைத்தார், முதல் பெஞ்சுக்கு மாற்றிப் பார்த்தார், பயனில்லை. கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்து வரும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் ஒருநாள் அவளைத் தனியே உட்காரவைத்து, "எந்த நேரத்துல கண்ணு தெரியறதில்ல?" என்று கேட்டபோதுதான் பதில் வந்தது: "மூணு மணிக்கு மேல போர்டு வெள்ளையாத் தெரியுதுங்க டீச்சர்." மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயில் பலகையில் பட்டு, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக மினுங்கியிருக்கிறது. ஜன்னலை ஒட்டிய ஓரத்து இடத்துக்கு அவளை மாற்றினார்கள். பலகையில் எழுதும்போதே வாய்விட்டு வாசிப்பதை ஆசிரியை வழக்கமாக்கிக்கொண்டார். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அந்தச் சிறுமிக்கு இது ஜூன் மாதத்திலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை, கேட்காதபோது தானாகச் சொல்லலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவி என்றாலே சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, சாய்தளம், உதவித்தொகை என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். அவை அனைத்தும் வேண்டும்; பல பள்ளிகளுக்கு இன்னும் வந்து சேரவுமில்லை. ஆனால் எந்த உதவி எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் பயன்படும், எங்கே பயன்படாமல் போகும் என்கிற செய்தி அந்தப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிறது. மருத்துவச் சான்றிதழில் சதவீதம் இருக்கும். மூன்று மணி இருக்காது. தன் தேவையைத் தானே எடுத்துச் சொல்லும் திறனை வாய்ப்பாட்டையும் கையெழுத்தையும் போலச் சிறு வயதிலிருந்தே பள்ளி கற்றுத்தர வேண்டும் என்பதையும், பெரியவர்கள் பிள்ளைக்காகப் பேசிக்கொண்டே இருக்கும்வரை அது வளராது என்பதையுமே இங்கே விளக்க முற்படுகிறேன்.

தனக்கு எது முடியும், எது சிரமம், என்ன செய்தால் அந்தச் சிரமம் குறையும் என்பதை அறிந்துவைத்திருப்பது இத்திறனின் முதல் பாதி. அதை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்வதும், மறுக்கப்பட்டால் மனம் சுருங்கிவிடாமல் மறுபடி கேட்பதும் மறுபாதி. இதை ஓர் இயக்கமாக முதலில் எழுப்பியவர்களில் அறிவுசார் குறைபாடுடையவர்கள் முன்னின்றார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நம் சேலத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் சேலம் என்னும் ஊரில், காப்பகங்களில் வாழ்ந்த அனுபவமுடையவர்கள் கூடி, தங்களை முதலில் மனிதர்களாகப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையையே பெயராக்கி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பேசவே தெரியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தவர்கள் அவர்கள். பின்னர் அந்நாட்டுக் கல்விச் சட்டம், 16 வயதை எட்டும் மாணவரின் எதிர்காலப் படிப்பையும் வேலையையும் பற்றித் திட்டமிடும் கூட்டத்துக்கு அந்த மாணவரையே அழைக்க வேண்டும் என்று விதித்தது. நம் வட்டார வள மையங்களிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. அது எழுதப்படும்போது பிள்ளை அந்த அறையில் இருக்கிறதா, இருந்தால் அதனிடம் ஒரு கேள்வியாவது கேட்கப்படுகிறதா என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. அதற்குப் பதிலாக வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அந்தப் பட்டியலை 21 ஆக விரித்தது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகை ஆகியவை அதில் இடம்பெற்றன. இச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தனிப்பட்ட தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் இதில் அடக்கம். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு போன்றவற்றைப் 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31-ஆம் பிரிவின்படி உரிமை. அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்ளவும் அதில் இடமுண்டு.

இவற்றையெல்லாம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். அதிகம் சொல்லப்படாதது 4-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. மாற்றுத்திறன் குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தங்கள் கருத்தைத் தடையின்றிச் சொல்ல மற்றவர்களுக்குச் சமமான உரிமை உடையவர்கள் என்றும், அப்படிச் சொல்வதற்கு அவர்களின் வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற துணையை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2007-இல் இந்தியா ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவிலிருந்து வந்த கருத்து இது. ஆக, பிள்ளையைக் கேட்பது ஆசிரியரின் பெருந்தன்மையாலோ பெற்றோரின் நல்ல மனத்தாலோ நடக்க வேண்டிய காரியமாகச் சட்டம் அதை விட்டுவைக்கவில்லை. 16-ஆம் பிரிவோடு இதைச் சேர்த்துப் படித்தால் விஷயம் இன்னும் விளங்கும். தனிப்பட்ட தேவைக்கேற்ற வசதி என்று ஒரு பிரிவு சொல்கிறது. அந்தத் தேவையைச் சொல்ல வேண்டிய வாய் எது என்று இன்னொரு பிரிவு காட்டுகிறது.

அந்த வாய் ஏன் திறப்பதில்லை என்பதற்கு நம் பகுதியில் தனிக் காரணங்கள் உண்டு. கொங்கு நாட்டுப் பேச்சில் மரியாதை ஒவ்வொரு சொல்லின் நுனியிலும் தொங்குகிறது. நடை பழகும் முன்பே பிள்ளைக்கு "ங்க" போட்டுப் பேசக் கற்றுத்தருகிறோம். வெளியூர்க்காரர்கள் நம்மை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். இதில் பெருமைப்படவும் நிறைய இருக்கிறது. ஆனால் வகுப்பறைகளில் அதிகம் கேட்கும் "ங்க" எவை என்று கவனித்தால், "சரிங்க", "ஆமாங்க", "புரியுதுங்க" என்ற மூன்றுமே முன்னே நிற்கும். "புரியுதா?" என்று ஆசிரியர் கேட்டதும் ஐம்பது குரல்கள் ஒன்றாக "புரியுதுங்க சார்" என்று எழும்போது, காது சரியாகக் கேட்காத பிள்ளையும் மற்றவர்களின் உதட்டைப் பார்த்து அதே சொல்லை அசைக்கிறது. மரியாதை என்றால் ஆமோதிப்பது என்று அது புரிந்துவைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தராத ஒன்று இந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. "புரியுதுங்க" என்பதில் இருக்கும் "ங்க" "புரியலைங்க" என்பதிலும் இருக்கிறது. "இல்லீங்க", "முடியாதுங்க", "இன்னொருக்கா சொல்லுங்க", "கொஞ்சம் இருங்க" என்று எத்தனை மறுப்பையும் எத்தனை கோரிக்கையையும் மரியாதை குறையாமல் சொல்ல நம் பேச்சில் வழியிருக்கிறது. கேட்பதும் மறுப்பதும் அவமரியாதை ஆகிவிடும் என்ற அச்சத்தோடு வளரும் பிள்ளைக்கு, அந்த அச்சம் தேவையற்றது என்று விளக்க இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நிலைமை வேறு விதமானது. அங்கே பிரச்சினை அன்பிலிருந்து வருகிறது. பனியன் கம்பெனி வேலையையோ மில் வேலையையோ விட்டுவிட்டு, காலையிலும் மாலையிலும் மொபெட்டில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, மதிய இடைவேளையில் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்காக மறுபடி வரும் தாய்மார்களை நான் அறிவேன். அவர்களின் உழைப்பின் முன் எந்த அறிவுரையும் சிறிதுதான். ஆனாலும் அந்தத் தாயிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, "எங்க வலிக்குது?" என்று கேட்கிறார், தாய் பதில் சொல்கிறார். தலைமையாசிரியர் பிள்ளையைப் பார்த்து, "என்ன வேணும்?" என்று கேட்கிறார், தாய் பதில் சொல்கிறார். ஒறம்பரை (உறவினர்) வீட்டில் யாரோ, "பையன் என்ன படிக்கிறான்?" என்று பிள்ளையின் தலைக்கு மேலாகவே கேட்டு, தலைக்கு மேலாகவே பதில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பத்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தபின், தன் உடம்பைப் பற்றிய கேள்விக்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்பதே பிள்ளைக்கு மறந்துபோகிறது. அடுத்த முறை கேள்வி வரும்போது தாய் பத்து நொடி வாயைத் திறக்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும். அந்தப் பத்து நொடி பெரும்பாடாக இருக்கும் என்பது உண்மை.

பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் எப்படிப்பட்டவை என்பதற்கு இன்னொன்றைச் சொல்கிறேன். விசைத்தறி ஓடும் ஊர்களில் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, பழகிப்போன சத்தம். ஆனால் காதொலிக் கருவி ஆசிரியரின் குரலைப் பெரிதாக்குவதோடு தறியின் சத்தத்தையும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் மாணவனைக் கண்டிக்கிறோம். விலை உயர்ந்த கருவியை மதிக்கவில்லை என்று வருந்துகிறோம். தறி ஓடும்போது கருவி இருப்பதைவிட இல்லாததே அவனுக்கு நிம்மதி என்று அவன் சொன்னால்தானே தெரியும்? தெரிந்தால் தறிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தலாம், அவனைச் சுவரிலிருந்து தள்ளி உட்காரவைக்கலாம். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதை ஆசிரியர் விட்டுவிட்டு, முகம் தெரியும்படி திரும்பி நின்று பேசலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஆசிரியரின் முதுகிலிருந்து ஒரு சொல்லும் கிடைப்பதில்லை.

இதைவிட வேதனையானது கழிப்பறை. சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் பெண் பிள்ளைகளில் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டிவரும், போவதற்கு ஒருவரைக் கேட்க வேண்டிவரும். கேட்பதைவிடத் தாகம் எளிது என்று பத்து வயதிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளில் இந்த மௌனம் இன்னும் ஆபத்தானது. நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பிள்ளைகளிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை உடம்பில் நீர் குறைந்தால் கடும் வலியாகக் கிளம்பக்கூடியது; அந்தப் பிள்ளை பாடவேளையில் தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் அனுமதி கேட்பதை ஒழுங்கீனம் என்று ஆசிரியர் எண்ணிவிடக் கூடாது. ஹீமோபிலியா உள்ள பையனை வலுக்கட்டாயமாகக் கபடிக்கு இறக்கிவிடுவதும் அப்படித்தான். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன் நோயின் பெயரை வகுப்பு முழுக்கச் சொல்லும் கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. யாரிடம், எவ்வளவு சொல்வது என்று முடிவுசெய்வதும் கற்றுத்தர வேண்டிய திறனில் ஒரு பகுதியே.

கற்றுத்தருவது எப்படி? சிறியதிலிருந்து தொடங்குவதே நல்லது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் உரிமைச் சட்டத்தைப் பேச வேண்டியதில்லை, "எங்க உக்காந்தா உனக்கு நல்லாத் தெரியுது? போய் உக்காந்து பாத்துட்டுச் சொல்லு கண்ணு" என்று இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலே போதும். ஆறாம் வகுப்பில் பிள்ளை தன் சிரமத்தையும் அதற்கான மாற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். "எனக்குத் தெரியலைங்க" என்று மட்டும் சொன்னால் ஆசிரியருக்கு என்ன செய்வதென்று விளங்காது. "பலகையில எழுதறது தெரியலைங்க, எழுதும்போதே படிச்சீங்கன்னா நான் எழுதிக்குவேனுங்க" என்றால் மறுக்கும் ஆசிரியர் குறைவு. இந்த வாக்கியத்தை வீட்டில் அப்புச்சியிடமும் அம்மிச்சியிடமும் சொல்லிப் பழகலாம். அக்காவை ஆசிரியையாக நடிக்கச் சொல்லலாம். நடிப்பில் மறுப்பும் இருக்க வேண்டும். "இப்ப நேரமில்ல, போ" என்ற பதிலைப் பழக்கத்தில் ஒருமுறைகூடக் கேட்டிராத பிள்ளை, உண்மையில் அதைக் கேட்டதும் அந்த ஆண்டு முழுக்க வாய்மூடிவிடும். "சரிங்க, இன்டெர்வல்ல வந்து கேக்கட்டுங்களா?" என்ற அடுத்த வாக்கியமும் கைவசம் இருந்தால் ஒரு மறுப்பில் அது உடைந்துவிடாது.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று எண்ணுவது பெரும்பிழை. சைகை மொழி மொழியே. அதில் கேட்கும் பிள்ளை கேட்கவே செய்கிறது, புரிந்துகொள்ளாதது நாம்தான். மூளை முடக்குவாதத்தால் நாக்கு ஒத்துழைக்காத பிள்ளை படப்பலகையில் தண்ணீரையும் கழிப்பறையையும் வலியையும் "போதும்" என்பதையும் கண்ணாலோ விரலாலோ தொட்டுக்காட்டலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்காருகிறது என்றால் அதுவும் ஒரு கோரிக்கை. அதைப் படித்து, "வெளிய போகணும்" என்று காட்டும் ஒரு சிவப்பு அட்டையை அதன் கையில் கொடுத்துவிட்டால், மேசைக்கு அடியில் போக வேண்டிய தேவை குறையும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையிடம் இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டு, அது தொட்டதையே கொடுப்பதுதான் முதல் பாடம். நமக்குச் சரியென்று பட்டதைக் கொடுத்துவிட்டால் அந்தப் பாடம் அத்தோடு போயிற்று.

இத்தனையும் ஏன் இளமையிலேயே வேண்டும் என்பது பத்தாம் வகுப்பில் வெளிச்சத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் தகுதியுள்ள மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், எழுத இயலாதவர்களுக்குச் சொல்வதை எழுதுபவரும் தரப்படுகிறார்கள். உரிய மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அனுமதி பெற வேண்டும். இதை ஓர் ஆவண வேலையாக முடித்துவிட்டு எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் தேர்வு நாளன்று நடப்பதை எண்ணிப் பாருங்கள். எழுதுபவராக வருகிறவர் பெரும்பாலும் வேறொரு பள்ளியின் ஆசிரியர். அதுவரை தன் தேவையை ஒரு பெரியவரிடம் ஒருமுறைகூட வாய்திறந்து சொல்லாத 15 வயதுப் பிள்ளை, முன்பின் பார்த்திராத அந்த ஆசிரியருக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கட்டளையிட வேண்டும்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மாணவனுக்கு நடந்த ஒத்திகையை அருகிலிருந்து பார்த்தேன். பக்கத்துப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரை எழுதுபவராக உட்காரவைத்திருந்தார்கள். பையன் தயங்கித் தயங்கி விடையைச் சொன்னான், அவர் எழுதினார். மூன்றாவது வரியில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் அவர் கழித்தல் குறி போட்டுவிட்டார். பையன் அதைப் பார்த்தான். அவன் கழுத்து இறுகியது, கை விரைத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. தவறான குறியோடு அடுத்தடுத்த வரிகளைத் தானும் மாற்றிக் கணக்கிட்டு, தவறான விடையையே சொல்லி முடித்தான். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "சார் எழுதினதத் தப்புன்னு எப்படிங்க சொல்றது?" என்றான்.

அந்த ஒரு பதிலுக்குள் பத்தாண்டுப் பள்ளிப் படிப்பும் அடங்கியிருந்தது. அதற்குப்பின் அவனுடைய சிறப்புப் பயிற்றுநர் பாடத்தை விட்டுவிட்டு வாக்கியங்களையே பழக்கினார். "அய்யா, அந்த வரியத் திருப்பி வாசிங்க." "கூட்டலுங்க, அடிச்சிட்டு மறுபடி போடுங்க." "அடுத்த வரி போங்க." "படத்துல கோடு இன்னும் கொஞ்சம் மேல வரணுங்க." "ரெண்டு நிமிஷம் யோசிச்சுக்கறனுங்க." ஒவ்வொரு முறையும் எழுதுபவராக வேறொருவர் வந்தார், எழுதுபவர்கள் வேண்டுமென்றே பிழை விட்டார்கள். அறிவியல் படத்தைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்லி வரையவைப்பதும், எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று தானே கணக்கு வைப்பதும், விடையைச் சொல்லும் முன் மனத்துக்குள் முழு வாக்கியமாக்கிக்கொள்வதும் எழுதப் படிப்பதிலிருந்து வேறான திறன்கள். எட்டாம் வகுப்பிலேயே மாதத் தேர்வுகளை எழுதுபவரோடு எழுதத் தொடங்கினால்தான் இவை கைகூடும். பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் தொடங்குவது நீச்சல் தெரியாதவனை வெள்ளத்தில் இறக்குவது போன்றது.

எழுதுபவரைக் கேட்பதற்குக்கூட 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. எழுதும்போது கைத்தசை இறுகிவிடும் குறைபாடுள்ள ஒருவருக்கு எழுதுபவர் மறுக்கப்பட்டது பற்றிய விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தச் சதவீத வரம்பு இல்லாதவருக்கும் எழுதுபவரைப் பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அத்தகையோருக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே 2021 நவம்பரில் வந்த அவ்னி பிரகாஷ் வழக்கின் தீர்ப்பை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வதுண்டு. நீட் தேர்வில் எழுத்துக் குறைபாடுள்ள அந்த மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படாமல், மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாள் வாங்கப்பட்டுவிட்டது. தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. தேர்வறையில் அந்த நிமிடத்தில் இழந்ததைத் தீர்ப்பால் அப்படியே மீட்டுத்தர முடிவதில்லை. அனுமதிக் கடிதத்தின் நகல் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும், அதில் எந்த வரி தனக்கு உரியது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பள்ளி செய்ய வேண்டியதைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோமா? கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் வசதி, கேட்கத் தெரியாததற்கு இல்லை என்றாகிவிடாதா? அப்படி ஆகிவிடக் கூடாது. சாய்தளம் கேட்டுப் பெற வேண்டிய பொருளே இல்லை. அது வாசல் போல இருந்தே தீர வேண்டியது. டிசம்பர் 3 அன்று மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் பரிசு பெறும் பிள்ளையை நான்கு பேர் தூக்கி மேடையேற்றும் காட்சியை இன்னும் பார்க்கிறோம். அதற்கு அந்தப் பிள்ளை கேட்கவில்லை என்பது காரணமாகாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பேர்பெற்ற விடுதிப் பள்ளிகளின் உலகத்தில் இன்னொரு தடை இருக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டையும் முதல் மதிப்பெண்ணையும் விளம்பரப் பலகையில் ஏற்றும் போட்டியில், மெதுவாக எழுதும் பிள்ளை பாரமாகக் கருதப்படுகிறது. சேர்க்கையின்போதே, "எங்ககிட்ட அந்த வசதி இல்லீங்க, வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. குறைபாட்டைக் காரணமாக வைத்து அப்படிப் பாகுபடுத்துவது 16-ஆம் பிரிவு விதிக்கும் கடமைக்கு மாறானது. அங்கே பேச வேண்டியவர் பெற்றோர். பிள்ளையின் திறனைச் சோதிக்கும் இடம் அதுவன்று.

முறையிட வேண்டிய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குவது. அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானமாக்குவது. பிறகு வட்டார வள மையம், முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் நாடலாம். கல்வி உதவி எண் 14417. எதுவும் நடக்காதபோது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். மனுவைப் பெரியவர்கள் எழுதினாலும், அதில் ஒரு பத்தியாவது பிள்ளை சொன்ன சொற்களிலேயே இருக்கட்டும். அலுவலகங்களில் ஒரே மாதிரி மனுக்களைப் படித்துச் சலித்த கண்கள் அந்தப் பத்தியில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

பல்லடம் பக்கத்துச் சிறுமிக்கு நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த உயர்நிலைப் பள்ளி. அங்கே அவளை அறிந்தவர் ஒருவருமில்லை. பழைய ஆசிரியை ஒரு கடிதம் தருவதாகச் சொன்னபோது, தானே எழுதிக்கொள்வதாக அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கத்தாளில் தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினாள். "எனக்குத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. கிட்டத்தில் பெரிய எழுத்து என்றால் படிப்பேன். வினாத்தாளைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துத் தாருங்கள். பலகையில் எழுதும்போது வாசித்தால் நான் எழுதிக்கொள்வேன். எனக்காக மற்றவர்கள் எழுதித் தர வேண்டியதில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தால் தெரியும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன், அதற்கு ஒரு நாள் வேண்டும்." பள்ளி திறந்த அன்று மாலை, மற்றவர்கள் பேருந்துக்கு ஓடியபின், அவள் வகுப்பறையில் இருந்து ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பலகையைப் பார்த்திருக்கிறாள். அந்த வகுப்புக்கு ஜன்னல் கிழக்குப் பக்கம். மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.